எண்பத்து நான்கு சுவிட்சும் ஒரு குங்குமச் சிமிழும்

திருச்செங்கோடு
16.2.2025

அண்ணன் குணசீலனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அதை அறிய எனக்கு ஆவல் இல்லை.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று சித்ரா அண்ணி கேட்பார்கள். வெள்ளிக்கிழமை அங்காளம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன், இனி உங்களிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று. சூடம் அணைத்தது வாய்க்குத்தான், விரலுக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

போன செப்டம்பரில் சங்ககிரி ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி என் வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டோடு உங்கள் கடைக்கு வந்து என் கீபோர்டைக் கொடுத்தேன். "ஊட்டுல தூசு எச்சா இருக்குது, கட்டுப் பிரிக்கற வரைக்கும் பத்திரமா வெச்சிருங்கண்ணா" என்றேன். "நெஞ்சுக்குள்ள வெச்சுக்கறேன் போ அம்மிணி" என்றீர்கள்.

அது கடையில் வாங்கிய கீபோர்டு இல்லை. உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இன்னொரு தரம் படியுங்கள். ஒவ்வொரு கீக்கும் அடியில் இருப்பது நான் பிறப்பதற்கு முன் செய்த ஜப்பான் சுவிட்ச். போர்வெல் ரிக் ஆபீஸ் பரண்களிலும் லாரி புக்கிங் ஆபீஸ் மூலைகளிலும் செத்துக் கிடந்த ஆறு கீபோர்டுகளைத் தேடி எடுத்து வந்தேன். ஒன்றிலிருந்து மூடி, இன்னொன்றிலிருந்து தண்டு, வேறொன்றிலிருந்து ஸ்பிரிங் என்று பொறுக்கி, மூன்று வருஷத்தில் எண்பத்து நான்கு நல்ல சுவிட்ச் சேர்த்தேன். வக்கீல் தேவிப்ரியா ஆபீஸுக்கும் அதைத்தான் தினமும் தூக்கிக்கொண்டு போவேன். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் அசராமல் தட்டினேன்.

நவம்பரில் கட்டுப் பிரித்தார்கள். நீங்களே கீபோர்டைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அன்றிலிருந்து என் கை என் கையாக இல்லை. தட்டினால் எழுத்து விழவில்லை. விழுந்தால் இரண்டாக விழுந்தது. டாக்டர் எலும்பு சேர்ந்துவிட்டது என்றார். நான் நம்பவில்லை. காலையும் மாலையும் ரப்பர் பந்தை அழுத்தினேன், எண்ணெய் தேய்த்தேன், அழுதேன். பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து, "உடைஞ்ச கை பழையபடி வராது சாமி, மனசத் தேத்திக்க" என்றீர்கள். பொங்கல் கழிந்த வாரமே வக்கீலம்மா என் நாற்காலியில் மோகனப்பிரியாவை உட்கார வைத்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை எடுக்கப் போனேன். பில் போடும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். கடையில் இருந்தது அதே காலத்துக் கீபோர்டு. நேரமாகிறதே என்று நானே தட்டினேன்.

என் கை பறந்தது, அண்ணா. பத்து விரலும் பறந்தது. கடைக்காரர் பயந்துபோய், "ஏனுங்க, உடம்புக்கு ஏதாவதா" என்று கேட்டார். அந்த அளவுக்கு அங்கேயே நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கீபோர்டின் ஒரு சுவிட்சைத் திறந்தேன். அது என்னுடையது இல்லை. மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். எண்பத்து நான்கும் என்னுடையது இல்லை.

திருப்பி அனுப்புங்கள்.

யுவஸ்ரீ

---

சூரமங்கலம், சேலம்
24.2.2025

அன்புத் தங்கை யுவாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கடையில் உட்கார்ந்து படித்தேன். இந்தக் காலத்தில் சூடம் அணைத்தேன், சாம்பிராணி போட்டேன் என்று எழுதுகிறவளை என்ன சொல்வது? ஆயுத பூஜைக்குக் கீபோர்டுக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறவள்தானே நீ. பொட்டு வைத்தால் சாமி வந்து தட்டுமா என்று நான் கேட்டதற்கு மூன்று நாள் சோறு தின்னாமல் இருந்தாய். அப்போது சின்னப் பிள்ளை, சிரித்துவிட்டு விட்டேன். இப்போது முப்பத்தாறு வயசு.

கை உடைந்தால் கூடவே மனசும் கொஞ்சம் உடையும். அது இயற்கை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மளிகைக் கடையில் நாலு வரி பில் தட்டினதையும், ஆபீஸில் நாற்பது பக்கம் தட்டுவதையும் ஒன்றென்று நினைக்கிறாய். பழைய சுவிட்ச் என்றால் தேயத்தான் செய்யும். ஆறு வாரம் சும்மா கிடந்தால் இன்னும் முரண்டு பிடிக்கும். அதற்கு அண்ணன் திருடன் என்று பட்டம் கட்டுவதா?

பதினைந்து வருஷம் ஜங்ஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்லை. கூடப் பிறந்தவள் வாயிலிருந்து இது வர வேண்டுமா?

சித்ரா உன்னை நினைத்து வருத்தப்படுகிறாள். கோபம் ஆறினால் போன் செய். சூடமும் ஒன்றும் செய்யாது, சாமியும் ஒன்றும் செய்யாது, நான் பொறுப்பு.

அன்புடன்
குணசீலன்

---

திருச்செங்கோடு
3.3.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கீபோர்டில் தட்டி, பிரிண்ட் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்தில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நீங்கள் தட்டினால் வரிக்கு இரண்டு பிழை வருமே. எதில் தட்டினீர்கள் என்று நான் கேட்க வேண்டுமா?

நான் மனசு உடைந்தவள், சரி. மூக்கும் உடைந்துவிட்டதா? திறந்த சுவிட்ச் ஒவ்வொன்றும் தையல் மிஷின் எண்ணெய் நாறியது. நான் ஒரு நாளும் எண்ணெய் தொட்டதில்லை. இந்தச் சாதிச் சுவிட்சுக்கு எண்ணெய் ஆகாது, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு இழுக்கும். கதவுக் கீலிலிருந்து கீபோர்டு வரைக்கும் தையல் மிஷின் எண்ணெய் விடுகிற ஆள் நம் குடும்பத்தில் ஒருவர்தான்.

சுவிட்ச் தேயும் என்று எனக்குச் சொல்லித் தருகிறீர்கள். தேயாததாகப் பார்த்து எடுத்தவள் நான். சுண்டு விரலுக்கு மெத்தென்ற ஸ்பிரிங், ஆள்காட்டி விரலுக்கு விறைப்பானது, கட்டை விரலுக்கு அதைவிட ஒரு பிடி கூடுதல். ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, எந்த இடத்துக்கு எது என்று விரலால் பிரித்தேன். அளவு நாடா இல்லை, தராசு இல்லை. விரல்தான். மூன்று வருஷம், அண்ணா.

சுவிட்ச் போனதைக்கூட விட்டுவிடுவேன். என் கை செத்துவிட்டது என்று நான் நம்பினேன். அதை உங்களால் தாங்க முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, நான் பந்தை அமுக்குவதைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் மாற்றி வைத்த குப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுததைப் பார்த்துக்கொண்டு, கரும்பு கடித்தீர்கள்.

இரண்டு காரியம் கேட்கிறேன். சுவிட்சுகளைத் திருப்பித் தாருங்கள். "உன் கை நன்றாகத்தான் இருந்தது, எனக்குத் தெரியும்" என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். அந்த வரியை வக்கீலம்மாவிடம் காட்டிக்கொள்வேன். இந்த இரண்டும் வந்தால் கோயிலுக்குப் போய்ச் சத்தியத்தை இறக்கி வைத்துவிட்டு, உங்கள் வீட்டுக்கு வந்து சோறு தின்பேன்.

வராவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

யுவஸ்ரீ

---

சூரமங்கலம்
14.3.2025

யுவாவுக்கு,

சரி. மாற்றினேன் என்றே வைத்துக்கொள்.

உன் கை மாவுக்கட்டில் கிடந்தது. மறுபடி தட்டுவாயா மாட்டாயா என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு நல்ல சுவிட்ச் துணி போட்டு மூடிக் கிடப்பதைவிட, வேலை செய்கிற ஒரு கீபோர்டில் இருந்தால் என்ன கெட்டுப் போச்சு? என்னிடம் இரும்புத் தகடு போட்ட நல்ல கீபோர்டுச் சட்டம் ஒன்று சும்மா கிடந்தது. ஒன்றைக்கூடத் திறக்கவில்லை, தெரிந்துகொள். உன் சுவிட்சை முழுசாகப் பெயர்த்து என் சட்டத்தில் முழுசாக வைத்தேன், என்னுடையதை உன்னுடையதில் வைத்தேன். அதுவரைக்கும் மரியாதை கொடுத்தேன்.

திருப்பித் தர முடியாது. ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் பழைய கீபோர்டு சேர்க்கிறவர்கள் எல்லாம் கூடுகிறார்கள். பெங்களூர், சென்னை, கொச்சியிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அரை மணி நேரம் மேடையில் நான் பேசுகிறேன், தட்டிக் காட்டுகிறேன். "விரலுக்கு விரல் பொருத்திய கீபோர்டு, கட்டியவர் சேலம் குணசீலன்" என்று நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். அங்கே வருகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. மேடையிலேயே ஏதாவது ஒரு கீயைக் காட்டி, திறந்து காட்டு என்பார்கள். அப்படித் திறந்தால் நம் குடும்பத்துக்குத்தான் பெருமை.

நீ அங்கே வந்து என்னுடையது என்று சண்டை போட்டால் யார் நம்புவார்கள்? எதை வைத்து நம்புவார்கள்? எண்பத்து நான்கிலும் பேர் எழுதி வைத்தாயா? கறுப்பு மூடி, நீலத் தண்டு, உலகம் பூராவும் ஒரே மாதிரி.

பெரியவன் சொல்கிறேன், கேள். கூட்டம் முடியட்டும். பிறகு பேசுவோம். நீதான் பேசமாட்டாயே, எழுதுவோம்.

குணசீலன்

---

திருச்செங்கோடு
22.3.2025

அண்ணனுக்கு,

பேர் எழுதி வைத்தாயா என்று கேட்டிருந்தீர்கள். எழுதி வைத்திருக்கிறேன்.

நீங்கள் சிரிப்பீர்கள் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை. ஒவ்வொரு சுவிட்சையும் பூட்டுவதற்கு முன்னால், ஸ்பிரிங்குக்கு அடியில், கீழ்க் கிண்ணத்தின் மூலையில், கடுகளவு குங்குமம் வைத்தேன். அங்காளம்மன் கோயில் குங்குமம். எண்ணெயில் குழைத்து ஊசி முனையால் வைத்தது. எண்பத்து நான்கிலும் இருக்கிறது. சந்தனப் பொட்டு வெளியே, அது உங்களுக்குத் தெரியும். குங்குமம் உள்ளே, அது அம்மனுக்கும் எனக்கும் தெரியும்.

இருபது வருஷமாகக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கடையில் ஒரு ஊதுபத்தி கொளுத்தாத சேலம் குணசீலன் கட்டிய கீபோர்டுக்குள் குங்குமம் எப்படி வந்தது என்று கூட்டம் கேட்கும். என்ன சொல்வீர்கள் என்று கேட்க எனக்கும் ஆசை.

27ஆம் தேதி நான் வருகிறேன். வக்கீல் தேவிப்ரியாவையும் கூட வரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்களிடம் பேசக் கூடாது என்பதால், எழுதின அட்டையைத் தூக்கிப் பிடிப்பேன்: "எந்த எழுத்தை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள்." அவ்வளவுதான்.

இந்த வார்த்தைகளை உங்கள் குப்பைச் சுவிட்சில் தட்டுகிறேன். ஒவ்வொரு வரியையும் மூன்று முறை திருத்தினேன். பரவாயில்லை, பழகிக்கொள்கிறேன்.

இன்னும் முப்பத்தாறு நாள் இருக்கிறது.

யுவஸ்ரீ

---

சூரமங்கலம்
9.4.2025

யுவா கண்ணு,

கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். பிறகு கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, எல்லாச் சுவிட்சையும் பெயர்த்து எடுத்து ஒன்றொன்றாகத் திறந்தேன். முதல் பத்தில் சிவப்பு எதுவும் கண்ணுக்குப் படவில்லை. எண்ணெயில் குழைத்தது என்றாயே, ஊறிப்போய்ப் பொடியாக எங்காவது ஒட்டியிருக்கும், மேடை வெளிச்சத்தில் தெரிந்துவிடும் என்று பயம் பிடித்துக்கொண்டது. மிச்சத்தையும் திறந்தேன். மூடி, தண்டு, ஸ்பிரிங், தகடு, கிண்ணம் எல்லாவற்றையும் சோப்புப் பொடி போட்ட வெந்நீர்ப் பேசினில் கொட்டிக் கழுவினேன். முறத்தில் பரப்பி மொட்டை மாடியில் காய வைத்தேன்.

பதினொரு மூடிக்குக் கொக்கி முறிந்துவிட்டது. நாற்பது வருஷத்துப் பிளாஸ்டிக், என்ன செய்வது?

அதைக்கூடச் சமாளிப்பேன். ஸ்பிரிங் எல்லாம் கலந்துவிட்டது. எது சுண்டு விரலுக்கு, எது கட்டை விரலுக்கு என்று எனக்குத் தெரியவில்லை. அமுக்கிப் பார்த்தேன், காதில் வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏதோ ஒரு வரிசையில் கோத்துத் தட்டினால், கல்லும் மண்ணும் கலந்த சோறு மாதிரி இருக்கிறது. சித்ரா தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதையா மேடையில வெக்கப் போறீங்க?" என்றாள்.

இன்னும் பதினெட்டு நாள்தான். உன்னால்தான் முடியும். உனக்கு என்ன வேண்டும் சொல். அண்ணன் கேட்கிறேன் சாமி.

குணசீலன்

---

திருச்செங்கோடு
12.4.2025

அண்ணனுக்கு,

படித்தேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். பாவம், உங்கள் மடியில் எண்பத்து நான்கு இருந்தது.

எல்லாவற்றையும் அனுப்புங்கள். மூடி, தண்டு, ஸ்பிரிங், தகடு, கிண்ணம் எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு, உடைந்த பதினொன்றையும் சேர்த்து, உங்கள் சட்டத்தோடு கட்டி, திருச்செங்கோடு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள். நான் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்வேன்.

கூடவே, நான் மார்ச்சில் கேட்ட வரி. இந்த முறை ஒரு வரி போதாது. என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், என் கையைப் பற்றி என்ன தெரிந்திருந்தது, எல்லாம் வேண்டும். கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அது இல்லாமல் டப்பா மட்டும் வந்தால் அதே பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிடுவேன்.

வந்து சேர்ந்தால், கூட்டத்துக்கு முதல் நாள் உங்கள் கீபோர்டு உங்கள் கைக்கு வந்துவிடும். எண்பத்து நான்கு சுவிட்சும் பூட்டி, முழுசாக வரும். இதற்கும் சூடம் அணைத்துவிட்டேன். நான் சூடம் அணைத்துச் சொன்னால் மாறமாட்டேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

யுவஸ்ரீ

---

சூரமங்கலம்
15.4.2025

யுவாவுக்கு,

டப்பாக்களை இன்று காலை பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். கண்டக்டர் பேர் சென்றாயன். கேட்டு வாங்கிக்கொள்.

நீ கேட்டதை எழுதுகிறேன். நாலு காகிதம் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் கை நன்றாகத்தான் இருந்தது. நவம்பரிலேயே நன்றாக இருந்தது. எனக்குத் தெரியும். உன் எண்பத்து நான்கு சுவிட்சையும் நான்தான் எடுத்தேன், தேய்ந்துபோன என் சுவிட்சுகளை நான்தான் உன் கீபோர்டில் வைத்தேன். நீ ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவாய், சண்டை போடுவாய், சிரித்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ கீபோர்டைச் சந்தேகப்படவில்லை. கையைச் சந்தேகப்பட்டாய். நான் கொடுத்தது என்பதால் மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பொங்கல் அன்றைக்குச் சொல்லத்தான் வந்தேன். நீ பந்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வாயைத் திறந்தால் வேறு வார்த்தை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டிருக்கிறாய். சொன்னால் கேவலம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கடைக்கு வந்து ரிப்பேருக்குக் கை கொடுப்பாயே, கீபோர்டு கொண்டுவருகிறவர்கள் எல்லோரும், "இது தங்கச்சி பூட்டுனதா, நீங்க பூட்டுனதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். நீ பூட்டியது என்றால் முகம் மலரும். நான் பூட்டியது என்றால், "சரி, பரவால்லீங்க" என்பார்கள். பதினைந்து வருஷம் கடை என்னுடையது, பேர் உன்னுடையது. உன் கை போய்விட்டது என்று நீயே சொன்னபோது, ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது, யுவா. ஒரு நிமிஷம்தான் என்று எழுத நினைத்தேன். மூன்று மாசம் இருந்தது.

போதுமா? இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் மேடையிலேயே உன் பேரையும் சொல்கிறேன். உதவி என்று சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன்
து. குணசீலன்

---

திருச்செங்கோடு
25.4.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். உண்மையாகவே அழுதேன், கூடப் பிறந்தவள் இல்லையா? பேசாமல் எல்லாவற்றையும் உங்கள் சட்டத்திலேயே பூட்டி அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். பிறகு கடைசி வரியை இன்னொரு தரம் படித்தேன். உதவி.

அழுது முடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

ஸ்பிரிங் பிரிக்க இரண்டு நாள் ஆனது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். எண்பத்து நான்கும் தன் இடத்தைத் தானே சொன்னது. செத்துவிட்டது, மனசைத் தேற்றிக்கொள் என்று நீங்கள் சொன்ன கைதான் பிரித்தது. மூன்றாம் நாள் என் சட்டத்திலிருந்து உங்கள் சுவிட்சுகளை எல்லாம் பெயர்த்து எடுத்தேன். நான்காம் நாள் என்னுடையவை என் சட்டத்தில் ஏறின. இந்தக் கடிதத்தை அதில்தான் தட்டுகிறேன். முதல் தரமே தட்டியது, ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

உங்கள் சட்டம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. சொன்னபடி எண்பத்து நான்கு சுவிட்சும் பூட்டி, முழுசாக இருக்கிறது. எல்லாம் உங்களுடைய சுவிட்சுகள்தான். தேய்ந்த தண்டு, துவண்ட ஸ்பிரிங், தையல் மிஷின் எண்ணெய். உங்களுடையதில் ஒன்றைக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. பதினொரு மூடி எடுத்துக்கொண்டேன். நீங்கள் கொக்கி முறித்த என் பதினொரு மூடிகளை அந்த இடத்தில் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். உடைத்தவருக்கே உடைந்தது போய்ச் சேர்வதுதானே நியாயம்.

நீங்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தை வக்கீலம்மா மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, "திங்கக்கெழம காலைல வந்துருங்க யுவஸ்ரீ, மோகனப்பிரியாவுக்கு வேற மேஜை போட்டுக்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூருக்குத் துணைக்கு வரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானும் வரப்போவதில்லை. அட்டை தூக்கிப் பிடிக்கிற வேலை எனக்கு இனி இல்லை.

குங்குமத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் சுவிட்சுகளுக்குள் குங்குமம் இருந்ததே இல்லை. எண்ணெயும் தூசியும் ஆகாது என்று உங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் நான். அதற்குள் எண்ணெயில் குழைத்த பொடியை நானே கொண்டுபோய் வைப்பேனா? வாசல் பக்கம்கூட அண்டவிட்டதில்லை. நீங்கள் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பிடித்திருப்பீர்கள். யோசிக்கவில்லை. பொட்டு வைக்கிறவளுக்குப் புத்தி இருக்காது என்று இருபது வருஷமாக முடிவு கட்டியிருந்தீர்கள். அந்த ஒரு நம்பிக்கையை நம்பித்தான் நான் அதை எழுதினேன். என் எண்பத்து நான்கையும் பேசினில் போடத் துணிந்துதான் எழுதினேன், தெரிந்துகொள்ளுங்கள். உடைந்தால் உடையட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். பதினொன்று போனது.

உங்கள் சுவிட்சுகளைப் பூட்டுவதற்கு முன்னால் கோயிலுக்குப் போய்ப் புதுக் குங்குமம் வாங்கி வந்தேன். தாராளமாகவே கொடுத்தார்கள், சிமிழ் நிறைய. ஸ்பிரிங்குக்கு அடியில், கிண்ணத்தின் மூலையில், ஊசி முனையால் வைத்தேன். எண்பத்து நான்கிலும் வைத்திருக்கிறேன். எந்த எழுத்தைத் திறந்து காட்டச் சொன்னாலும் இருக்கும்.

கழுவலாம் என்று பார்க்காதீர்கள். இது உங்களுக்கு நாளைக்கு, சனிக்கிழமைதான் கிடைக்கும். எண்பத்து நான்கைத் திறந்து கழுவிக் காயவைத்துப் பூட்ட உங்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பொட்டு வைத்தால் சாமி வந்து தட்டுமா என்று கேட்பீர்களே. ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறித் தட்டிப் பாருங்கள்.

யுவஸ்ரீ